மேசைக்குக் கொடுத்த எண்

குருநகர்
16.01.1984

அன்பின் மருமகன் சிமியோனுக்கு,

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். உனக்கு இடுப்புப் பிடிக்கும் என்று சொன்னேன். இடது பக்கம்தான் பிடிக்கும் என்றும், தை மாதத்துக்குள் பிடிக்கும் என்றும் சொன்னேன். வேண்டுமானால் உன் அம்மாவைக் கேட்டுப் பார். பெர்னடெட் என் கூடப்பிறந்த தங்கச்சி என்றாலும் எனக்குச் சார்பாக ஒரு நாளும் பேசியதில்லை. ஆகையால் அவள் இல்லை என்று சொன்னால் அதை நம்பாதே.

செய்தியைக் கொண்டுவந்தவன் மீன் வான் ஓட்டுகிற கிறகோரி. தெல்லிப்பழைச் சந்தையில் மீனை இறக்கிவிட்டு, நீ வேலை செய்கிற இரும்பு ஒட்டுப்பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தானாம். முகம் கழுவக் குனிய ஏலாமல் வாளியை மதிலுக்கு மேலே தூக்கி வைத்துக் கழுவினாயாம். "சந்தியோகு அண்ணை, உங்கடை மருமோன் கிழவன் மாதிரி நிக்கிறான்" என்றான். அவனுடைய வெறுங் கூடையை எட்டி உதைத்தேன். கோபத்தில்தான்.

பத்து மாதமாக நீ என்னோடு கதைக்கவில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு வந்தும் என் வாசற் படலையைப் பார்க்காமல் போனாய். எல்லாம் ஒரு எண்ணுக்காக. போன வருஷப் பாரந்தூக்கும் போட்டியில் உன் தொடக்க எண்ணை நடுவர் மேசைக்குக் கொண்டுபோனவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நீ நூற்றைம்பது கிலோ என்று சொல்லி அனுப்பினாய். நான் நூற்றெழுபது என்று எழுதிக் கொடுத்தேன். உன் முகத்தில் அன்றைக்கு நூற்றெழுபது இருந்தது. கொடுத்த எண்ணைப் பிறகு குறைக்க முடியாது என்ற சட்டத்தை மேசையில் இருந்தவர்களல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

நோவுக்கான எண்ணெய் ஒரு போத்தல் கிறகோரியிடம் கொடுத்துவிட்டேன். பூசி ஊறவிட்டுப் பழைய சாரத்தைக் கிழித்து இறுக்கிச் சுற்று. இதே இடுப்புப் பிடிப்போடு நான் ஒருக்கால் ஒரு வள்ளத்து எஞ்சினை ஒற்றைக் கையால் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தவன். மற்றக் கையில் சுருட்டு இருந்தது.

பங்குனி பதினோராந் தேதிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாயா?

மாமா சந்தியோகு

•

தெல்லிப்பழை
20.01.1984

மாமா,

எண்ணெய் கிடைத்தது. அதற்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

ஆசுபத்திரியில் காட்டினேன். தசைப் பிடிப்பு, எலும்பில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். மூன்று வகைத் தூக்கலில், பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவதை மெதுவாகச் செய்யலாம். வாங்குப் பலகையில் படுத்துக்கொண்டு தள்ளுவதற்குத் தடையில்லை. நிலத்திலிருந்து இழுப்பதை மட்டும் மூன்று கிழமைக்குத் தொடவே கூடாது. என்னைப் பிடித்தது அதில்தான். பாரம் முழங்காலைத் தாண்டும்போது உள்ளே ஏதோ நழுவியது போல இருந்தது.

பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை என் எண்ணை மேசைக்குக் கொண்டுபோவது பட்டறைக்காரர் பஞ்சலிங்கண்ணை. என்னோடு சேர்ந்து தூக்குகிறவர். அவருக்கு எண் வாசிக்கத் தெரியும், முகம் வாசிக்கத் தெரியாது.

போன வருஷம் மூன்று தரமும் அந்த நூற்றெழுபது நிலத்தை விட்டு எழும்பவில்லை. ஒரு வகையில் மூன்று தரமும் தவறினால் மற்ற இரண்டில் தூக்கியதும் கணக்கில் வராது. பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. சனம் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இடுப்பு விஷயத்தை ஊரில் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு நான் எழுதிக்கொள்வேன்.

சிமியோன்

•

குருநகர்
25.01.1984

அன்பின் மருமகன்,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கையில் என் மேல் உனக்கு அன்பு இருப்பது தெரிந்தது.

இடுப்பைப் பற்றி ஒரு குருவிக்கும் நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் உன்னைக் கேட்கிறது. கரையில் கேட்கிறார்கள், கோயில் முற்றத்தில் கேட்கிறார்கள். "எங்கை அண்ணை உங்கடை மருமோனைக் காணேல்லை?" என்று கேட்டால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவனா? "அவன் ரெயினிங்கிலை நிக்கிறான். பங்குனியிலை வருவான், வந்தாப் பிறகு பாருங்கோ" என்றேன். கேட்டவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "மெல்லக் கதையுங்கோ அண்ணை" என்று என் கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனான். அவ்வளவு மரியாதை. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மதவடியில் இருக்கிற பொடியன்கள் எழும்புகிறார்கள். போன வருஷம் இதே பொடியன்கள் எனக்கு வழிகூட விட்டதில்லை.

உன் புகழ்தான், நான் சும்மா காவிக்கொண்டு திரிகிறேன்.

முட்டை சாப்பிடு. போட்டி தபசுகாலத்துக்குள் வருகிறது, இறைச்சி தின்னாதே என்று அம்மா சொல்லுவாள். பங்குச் சுவாமியிடம் நான் கதைத்து விலக்கு வாங்கித் தருகிறேன். அவர் என் சொல்லைத் தட்டமாட்டார்.

மாமா

•

தெல்லிப்பழை
06.02.1984

மாமா,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். கிறகோரியிடம் ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனேன். மூன்று கிழமை முடிந்துவிட்டது, இடுப்பு நன்றாக இருந்தது, திங்களிலிருந்து கொஞ்சமாக இழுக்கலாம் என்று சந்தோஷத்தில் போனேன். வளைவில் ஆமிக்காரர் வீதியை மறித்து நின்றார்கள். பொடியன்களை இறக்கி முழங்கை, முழங்கால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ந்து பழகிய தழும்பு இருக்கிறதா என்று.

என் உடம்பை யோசித்துப் பாருங்கள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இழுக்கும்போது இரும்பு உரசி இரண்டு காலிலும் முன்னெலும்பு தோலுரிந்து கிடக்கிறது. குந்துவதற்குப் பாரம் வைக்கிற இடத்தில் தோளுக்குக் குறுக்கே கறுத்த பட்டை. சட்டையைத் தூக்கினார்கள். நீங்கள் சொன்னபடி இடுப்பில் சாரத்துணி சுற்றியிருக்கிறது. ஒருவன் அதைத் துவக்கு நுனியால் தொட்டான். காயத்துக்குக் கட்டியது என்று நினைத்திருக்கிறான்.

என்ன இது என்று கேட்டான். எனக்குச் சிங்களம் தெரியாது, வாயில் வந்தது இங்கிலீஷ். "வெயிட் ரெயினிங் சேர்" என்றேன். முதற்சொல் அவன் காதில் விழவேயில்லை. இரண்டாவது சொல்லுக்கு மூன்று துவக்கு உயர்ந்தது.

ஆயுதப் பயிற்சிக்கு இந்தியாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு இங்கே எல்லாரும் சொல்கிற பெயர் அது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் வரவில்லை.

கையைக் காட்டினேன், தூக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். வீதிக்குக் குறுக்கே போட்டிருந்த தண்டவாளத் துண்டைக் காட்டி, தூக்கு என்றான். அதைப் போட நாலு பேர் தேவைப்பட்டிருக்கும். இடுப்புப் பட்டி இல்லை, உடம்பு சூடில்லை, மூன்று கிழமையாக நிலத்திலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. தூக்காவிட்டால் என்னை எங்கே ஏற்றுவார்கள் என்று தெரியும். தூக்கினேன். நிமிர்ந்து நின்றேன். ஒருவன் சிரித்தான். மற்றவன் இன்னொரு தரம் என்றான். இன்னொரு தரமும் தூக்கினேன்.

விட்டுவிட்டார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். ஏற முடியவில்லை.

இனி அந்தச் சொல்லை நீங்கள் எங்கேயும் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது. ஏற்கனவே சொல்லியிருந்தால் ஆருக்குச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

சிமியோன்

•

குருநகர்
09.02.1984

அன்பின் மருமகன்,

ஆருக்குச் சொன்னேன் என்று கேட்டால், ஆருக்குச் சொல்லவில்லை என்று எழுதுவது லேசு. சுவாமிக்குச் சொல்லவில்லை.

நேற்று உன் அம்மா தலைவிரி கோலமாக என் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா வேலிக்கு மேலாலே, "அக்கா, உங்கடை சிமியோனும் போயிட்டானாமே, ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கை போனவன்?"

"அதை நீங்களெல்லோ சொல்ல வேணும். சந்தியோகு அண்ணை கரையெல்லாம் சொல்லுறார்."

பெர்னடெட் என்னைப் பார்த்து, "அண்ணை, உன்ரை வாயாலை என்ரை பிள்ளையைக் கொல்லப் போறியோ?" என்று கேட்டாள்.  நான் செருப்பைக் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டேன், அவள் கேட்டதற்காக இல்லை, காற்று வாங்க.

நீ தெல்லிப்பழையில் வேலை செய்கிறாய், பாரம் தூக்குகிறாய் என்று நேற்று முழுக்க வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. "ஓம் ஓம், அண்ணை சொன்னால் சரி" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள். உண்மையைச் சொல்லி இவ்வளவு பாடுபட்டது எனக்கு இதுதான் முதல் தரம்.

ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். இனி அதற்கு நோவேனா என்று பெயர். ஒன்பது நாட் செபம் என்றால் ஆருக்குச் சந்தேகம் வரும்? "சிமியோன் நோவேனாவிலை நிக்கிறான்" என்று இன்று காலை கோயிலடியில் சொன்னேன். மத்தியானத்துக்குள் நீ குருமடத்தில் சேரப்போகிறாய் என்று கதை வந்துவிட்டது. அம்மா கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறாள்.

இப்போது எத்தனை கிலோ நோவேனா செய்கிறாய்? இடுப்பு எப்படி? உண்மையை எழுது.

மாமா

•

தெல்லிப்பழை
20.02.1984

மாமா,

உண்மையைக் கேட்டீர்கள். காலையில் கட்டிலை விட்டு எழும்பப் பக்கவாட்டில் உருள வேண்டியிருக்கிறது. சாரம் கட்டக் குனிய முடியாது. பகல் போகப் போக இளகும். தொண்ணூறு கிலோ இழுத்தேன், ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நூற்றிருபது இழுத்தேன், இடது கால் விறைத்தது. டொக்டர் முதலில் சொன்னதைவிட இப்போது கூடப் பேசினார். தசை இன்னும் கிழிந்தால் பாரம் இருக்கட்டும், ஒட்டு வேலைகூடக் குந்தியிருந்து செய்ய மாட்டாய் என்றார்.

பஞ்சலிங்கண்ணை நூற்றிமுப்பதில் தொடங்கச் சொல்கிறார். "உனக்கு இந்த முறை ஒரு எண் விழுந்தால் காணும், அடுத்த வருஷம் பார்ப்பம்" என்கிறார். நூற்றிமுப்பதை எங்கள் பாரந்தூக்கும் சங்கத்துச் சின்னப் பொடியன்கள் கதைத்துக் கதைத்துத் தூக்குவார்கள்.

நான் நூற்றெழுபதில் தொடங்கப் போகிறேன். அதே எண். அதே மண்டபம். அந்தச் செருப்புப் பார்த்த சனமும் அங்கேதான் இருக்கும். உடையிறதென்றால் உடையட்டும். முடிவெடுத்துவிட்டேன், எனக்கு ஒருவரும் புத்தி சொல்ல வேண்டாம். நீங்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டாம்.

மாமா, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே. உங்கள் எண்தான்.

சிமியோன்

•

குருநகர்
25.02.1984

அன்பின் மருமகன்,

நேற்று முன்தினம் உன்னைத் தேடி வந்தார்கள்.

பயப்படாதே, நான் இருந்தேன். குருநகரில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த ஆமிக்காரர் உன் அம்மாவின் வாசலில் நின்றார்கள். இந்த வீட்டுப் பொடியன் எங்கே என்றார்கள். பெர்னடெட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நேரே அதிகாரிக்கு முன்னால் போனேன். ஆறடி உயரம், மீசை. அவர் இங்கிலீஷில் கேட்டார், நான் இங்கிலீஷில் சொன்னேன். நீ பாரம் தூக்குகிறவன், பதினோராந் தேதி யாழ்ப்பாணத்தில் போட்டி என்று விளக்கினேன். அவர் என் தோளில் தட்டி, "உங்களைப் பார்த்தாலே தெரிகிறது" என்றார்.

ஆனால் ஒரு சொல் சொன்னார். அதைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும்.

பதினோராந் தேதி மண்டபத்துக்குச் சாதாரண உடுப்பில் ஒரு ஆளை அனுப்புவாராம். போட்டி முடிந்து பலகையில் ஒட்டுகிற பட்டியலை அந்த ஆள் பார்ப்பானாம். சிமியோன் என்ற பெயருக்கு நேரே ஒரு எண் இருந்தால் அவன் பாரம் தூக்குகிறவன், அலுவல் முடிந்தது. எண் இல்லாவிட்டால், மூன்று தரமும் தவறியது என்று கிடந்தால், அல்லது நீ வராமல் விட்டால், நான் சொன்னது பொய், நீ வேறு எங்கேயோ நிற்கிறாய் என்று எடுத்துக்கொள்வாராம். பிறகு தெல்லிப்பழைக்கு வருவார்கள்.

எத்தனை கிலோ என்பது அவருக்குத் தேவையில்லை. அதை நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். ஒரு எண் இருந்தால் சரி. ஆகையால் மோனை, நித்திரையிலும் தூக்கக்கூடிய எண்ணைக் கொடு. நூற்றிமுப்பது நல்ல எண். அதைவிடக் குறைந்தாலும் எனக்குக் குறையில்லை.

இந்த முறை நான் மண்டபத்துக்கு வரவில்லை. என்னைக் கண்டால் உனக்கு நூற்றெழுபது ஞாபகம் வரும்.

மாமா

•

தெல்லிப்பழை
28.02.1984

மாமா,

நூற்றிமுப்பது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் உங்கள் வாயால் ஒரு போட்டி போனது. இந்த வருஷம் உங்கள் வாயால் நான் துவக்குக்குக் கணக்குக் காட்டத் தூக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேலே எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

அம்மாவைத் தனியே விடாதீர்கள்.

சிமியோன்

•

தெல்லிப்பழை
12.03.1984

மாமா,

முடிந்தது.

குந்தி எழும்புவதிலும் படுத்துத் தள்ளுவதிலும் பிரச்சினை இருக்கவில்லை. கடைசியாக நிலத்திலிருந்து இழுப்பது. என் பெயரைக் கூப்பிட்டு நூற்றிமுப்பது என்றதும் பின்னுக்கு ஆரோ, "உவன் போன முறை நூற்றெழுபதுக்கு நிண்டவனெல்லோ?" என்றான். "ஏறுறதுக்குப் பதிலா இறங்கிக்கொண்டு போறான் போல" என்றான் மற்றவன். சிரித்தார்கள். இந்த முறை சிரித்தார்கள்.

நான் சனத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஒருக்காலும் கை தட்டாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கை வேர்த்தது. இரண்டு தரம் சோக்குக்கட்டித் தூள் பூசினேன். தடியைப் பிடித்தபோது இடுப்பைப் பற்றிய பயமே வரவில்லை, தடி வழுகிவிடும் என்ற பயம் மட்டும்.

தூக்கினேன். மூன்று நடுவர்களும் சரி என்றார்கள். அடுத்தது நூற்றிநாற்பது, அதுவும் சரி. அப்போது இடுப்பு சூடேறி நன்றாக இருந்தது. "இப்ப என்ன செய்யிறாய், நூற்றெழுபது கேக்கட்டோ?" என்று பஞ்சலிங்கண்ணை கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்டிருந்தால் தூக்கியிருப்பேனோ தெரியாது. இன்றைக்குக் காலையில் குனிந்து முகம் கழுவினேன். ஆறு பேரில் ஐந்தாவது. பெயருக்கு நேரே எண் இருக்கிறது.

இப்போது ஒன்று. வெள்ளைச் சட்டைக்காரர் பட்டியல் ஒட்டுமுன்னமே எழும்பிப் போய்விட்டார். அவர் என் எண்ணைப் பார்க்கவில்லை. அந்த அதிகாரிக்கு என்ன சொல்லுவார்? அம்மா இன்னும் எத்தனை நாள் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பா? ஆகவே சங்கத்துச் செயலாளரிடம் முடிவுகளை ஒப்பத்தோடு எழுதி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை நானே ஆமி முகாமுக்கு அதைக் கொண்டுபோய், மீசைக்கார அதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கப் போகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் தானாகப் போனால் அவர்களும் விளங்கிக்கொள்வார்கள். அவர் பெயர் தெரிந்தால் எழுதுங்கள்.

சிமியோன்

•

குருநகர்
14.03.1984

சிமியோன்,

போகாதே. கிறகோரி வானை ஸ்ராட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறான், சந்தைக்குப் போக முன்னம் நேரே பட்டறைக்கு வந்து இதை உன் கையில் தருவான். வாசித்து முடிக்கும்வரை உன்னை விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போகத் தேவையில்லை. அந்த அதிகாரி மாறிப் போய்விட்டார். திருகோணமலைக்கு. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இல்லை மோனை. இந்தக் கதையையும் இப்போதுதான் கட்டினேன். வெட்டி எழுத நேரமில்லை, அப்படியே கிடக்கட்டும்.

வெள்ளைச் சட்டைக்காரர் மண்டபத்துப் பூட்டுத் திறப்பு வைத்திருக்கிறவர். நேரத்துக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக் காத்திருந்தவர். பட்டியல் ஒட்ட முன்னம் எழும்பிப் போனது பின்கதவைப் பூட்ட. எனக்கு எப்படித் தெரியுமென்றால், நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றேன். நூற்றிநாற்பதையும் பார்த்தேன். உன் முகத்தை வாசிக்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது.

நீயாகக் காலெடுத்து வைத்தால், உன் கையையும் காலையும் தோளையும் பார்க்கிறவனுக்குச் செயலாளரின் ஒப்பம் என்ன செய்யும்? தண்டவாளத் துண்டோடு விட்டது உன் அதிர்ஷ்டம். உள்ளே கூப்பிட்டு விசாரிக்கிற இடத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. போன மாதம் தன் மகனைப் பற்றிக் கேட்கப் போன ஒரு தகப்பனையே இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

அவர்கள் வந்தது உண்மை. உன் அம்மாவின் வாசலில் நின்றது உண்மை. ஆனால் வந்து கேட்டவன் அதிகாரியோ என்னவோ எனக்குத் தெரியாது. மீசை இன்னும் முளைக்கவில்லை. பொடியன் எங்கே என்றான். பெர்னடெட்தான் மறுமொழி சொன்னாள், தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு. மகன், வேலை, தெல்லிப்பழை என்றாள். நான் அவளுக்குப் பின்னாலே நின்றேன். இங்கிலீஷ் கதைக்கவில்லை. தமிழும் வரவில்லை.

உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நூற்றெழுபதில் தொடங்குவேன், உடையிறதென்றால் உடையட்டும் என்று எழுதியது. நான் வேண்டாம் என்று எழுதினால் நீ நூற்றெண்பது கொடுப்பாய். டொக்டர் சொல்லிக் கேட்கவில்லை, பஞ்சலிங்கம் சொல்லிக் கேட்கவில்லை. என் சொல்லில் உனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை, பயம் மட்டும்தான் மிச்சம். அதைத்தான் பாவித்தேன்.

கேட்டவன் உள்ளே எட்டிப் பார்த்தான். தண்ணீர் கேட்டான். அம்மா கொடுத்தாள். குடித்தான், செம்பைத் திருப்பித் தந்தான், அடுத்த வீட்டுக்குப் போனான். பதினோராந் தேதியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மாமா சந்தியோகு